ஷேம்லெஸ்: மான்செஸ்டர் வீடா, சிகாகோ வீடா?

ஷேம்லெஸ் பார்க்கலாம் என்று நினைப்பவர், எந்த ஷேம்லெஸ் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒன்று பிரிட்டனின் சேனல் 4-இல் 2004 ஜனவரியில் தொடங்கி 2013 மே மாதம் முடிந்த மூலத் தொடர். இன்னொன்று அதை வைத்து அமெரிக்காவின் ஷோடைம் சேனல் எடுத்து, 2011 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை ஓடியது. இரண்டுக்குமே 11 சீசன்கள். பிரிட்டிஷ் தொடர் ஏறத்தாழ 140 எபிசோடு, அமெரிக்கத் தொடர் 134. போதாததற்குத் துருக்கியில் 2017-இல் தொடங்கிய ‘பிசிம் ஹிகாயே’ என்ற மூன்றாவது வடிவமும் உண்டு. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் எதைப் பார்ப்பது, எதுவரை பார்ப்பது என்ற இரண்டு கேள்விக்கும் இங்கே விடை தேடுகிறேன். கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. கதை முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மூன்றிலும் கரு ஒன்றுதான். ஃபிராங்க் காலகர் ஒரு குடிகாரன். வேலை கிடையாது, வேலைக்குப் போகும் எண்ணமும் கிடையாது. மனைவி மோனிகா பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் ஆறு பிள்ளைகள். மூத்தவள் ஃபியோனா, தன் வயதுக்குரிய எதையும் அனுபவிக்காமல், தம்பி தங்கைகளை வளர்க்கிறாள். அடுத்தவன் லிப் அபாரமான மூளைக்காரன், அவனுக்கு அடுத்தவன் இயன், பிறகு டெபி, கார்ல், கைக்குழந்தை லியம். கரண்ட் பில், வாடகை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் இந்தப் பிள்ளைகள்தான் வழி பார்க்க வேண்டும். திருடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள், வெளியாள் யாராவது தங்களில் ஒருவரைத் தொட்டால் எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். இது நகைச்சுவைத் தொடர்.

பார்த்தவர்களிடம் கேட்டால் மூன்று விஷயங்களில் சண்டை வரும். மூலம்தான் உசத்தி, அமெரிக்கக்காரர்கள் அதை அழகாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. மூலம் சீக்கிரமே தடம் மாறிவிட்டது, பாத்திரங்களோடு கூடவே வாழ வைத்தது அமெரிக்கத் தொடர்தான் என்பது எதிர்க்கட்சி. இரண்டாவது சண்டை ஃபிராங்கைப் பற்றியது. ரசிக்க வேண்டிய ஆளா, அருவருக்க வேண்டிய ஆளா? மூன்றாவது, எந்த சீசனோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்பது. என்னைக் கேட்டால் மூன்று சண்டைக்கும் வேர் ஒன்றுதான். இந்தக் கதை அப்பாவுடையதா, பிள்ளைகளுடையதா? உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டால் எந்தத் தொடர் என்பது தானாக முடிவாகிவிடும்.

முதலில் மான்செஸ்டர். இதை எழுதிய பால் ஆபட் லங்காஷயரின் பர்ன்லியில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா வீட்டை விட்டுப் போனார். இரண்டு வருடம் கழித்து அப்பாவும் போய்விட்டார். பிள்ளைகளை வளர்த்தது, தானே இன்னும் இருபது வயதைத் தொடாத, அப்போது கர்ப்பமாகவும் இருந்த அக்கா. ஃபியோனா எங்கிருந்து வந்தாள் என்பது இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டுக் கதையை ஆபட் முதலில் சோகமான தனிப் படமாகத்தான் எழுத நினைத்தார். அது இருண்டு கிடக்கிறது என்று ஒதுக்கி வைத்துவிட்டு, பல வருடம் கழித்து நகைச்சுவையாகத் திரும்ப எடுத்தார். அந்தத் தாமதம்தான் தொடரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். துயரத்தை நேரே சொல்லியிருந்தால் பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளைகள் மீது பரிதாபம் வந்திருக்கும். இப்போது பரிதாபத்துக்கு இடமே இல்லை. அந்தப் பிள்ளைகள் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள், நம்மைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

கதை நடப்பது சாட்ஸ்வொர்த் எஸ்டேட் என்ற கற்பனைக் குடியிருப்பில். நகர நிர்வாகம் ஏழைகளுக்காகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள். தொடக்க சீசன்களை மான்செஸ்டரின் வெஸ்ட் கார்ட்டன் பகுதியிலேயே, உண்மையான தெருக்களில் எடுத்தார்கள். ஒவ்வொரு எபிசோடும் ஃபிராங்கின் குரலோடு தொடங்கும். தன் பிள்ளைகளை, அக்கம் பக்கத்தை, அந்தப் பேட்டையின் பெருமையை ஒரு மேடைப் பேச்சாளன் மாதிரி சொல்வான். அதிலேயே தொடரின் நோக்கு தெரிந்துவிடும். இங்கே பேசுவது ஊர், தலைமைப் பேச்சாளன் ஃபிராங்க். பக்கத்து வீட்டு வெரோனிகாவும் கெவும், வீட்டு வாசலைத் தாண்டவே பயப்படும் ஷீலாவும், அவள் மகள் கரேனும், ஜாக்கி என்ற மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் குடும்பத்துக்குச் சமமாக இடம் பிடிக்கிறார்கள். போலீஸ் வந்தால் தெருவே சேர்ந்து பொய் சொல்லும்.

நடிகர்களைப் பாருங்கள். ஃபிராங்காக டேவிட் த்ரெல்ஃபால். ஃபியோனாவாக ஆன்-மரி டஃப். அவளைத் துரத்தி வந்து காதலிக்கும் கார் திருடன் ஸ்டீவாக, உலகம் இன்னும் அறிந்திராத ஜேம்ஸ் மெக்அவோய். வெரோனிகாவாக மேக்சின் பீக். இன்று இவர்களை ஒரே தொடரில் கூட்ட யாராலும் முடியாது. முதல் சீசனில் ஏழே எபிசோடு. அடுத்த ஆண்டே, 2005-இல், சிறந்த நாடகத் தொடருக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அந்த ஏழு எபிசோடில் ஒரு காட்சிகூட வீண் இல்லை என்று அடித்துச் சொல்வேன். வேகம் அப்படி. ஒரு காட்சியில் வரும் அவமானத்துக்கு நீங்கள் வருத்தப்படத் தொடங்கும்போது அடுத்த காட்சியில் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

சிகாகோவுக்கு இந்தக் கதையைக் கொண்டுபோனவர் ஜான் வெல்ஸ். ‘ஈஆர்’ மருத்துவமனைத் தொடரை வருடக்கணக்கில் நடத்தியவர். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்தை வைத்து நகைச்சுவை என்றால் தெற்கு மாநிலங்களில், டிரெய்லர் வீடுகளில் வைப்பதுதான் அங்கே வழக்கம். வெல்ஸிடமும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அவர் மறுத்தார். அப்படி வைத்தால் பார்ப்பவர்கள் “இவர்கள் யாரோ, நாம் வேறு” என்று தள்ளி நின்று கேலி செய்வார்கள் என்பது அவர் வாதம். ஆகவே சிகாகோவின் சவுத் சைட். மாடிமேல் ஓடும் எல் ரயில், பனி, முன்வாசல் படிக்கட்டு, அலிபை ரூம் என்ற மதுக்கடை. பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் ஸ்டுடியோவில் படம் பிடித்திருந்தாலும், சிகாகோவுக்கும் வந்து வெளிப்புறக் காட்சிகளை எடுத்துப் போனதால் குளிர் நிஜமான குளிராகவே தெரிகிறது.

முதல் சில எபிசோடுகள் மூலத்தை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகின்றன. இதனால்தான் மூலத்தை முதலில் பார்த்தவர்கள் அமெரிக்கத் தொடரை இரண்டு மூன்று எபிசோடில் கைவிடுகிறார்கள். அதே காட்சி, வேறு முகம், கொஞ்சம் பளபளப்பு என்று தோன்றும். அது நியாயமான புகார்தான். ஆனால் பாதி சீசனுக்கு அப்புறம் பாதை பிரிகிறது. பிரிவதற்குக் காரணம் கதாசிரியர்களின் கற்பனை மட்டும் அல்ல. நாடு வேறு.

இதுதான் இரண்டு தொடருக்கும் இடையே உள்ள உண்மையான வித்தியாசம் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அரசு மருத்துவமனை இருக்கிறது, பில் வராது. வேலை இல்லாதவருக்கு உதவித்தொகை வருகிறது. வீடு நகர நிர்வாகத்துடையது. ஆகவே சாட்ஸ்வொர்த்தில் காலகர்கள் தரித்திரத்தில் இருக்கிறார்களே தவிர அவர்களுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. அந்தத் தரை இருப்பதால்தான் ஃபிராங்க் இவ்வளவு கலகலப்பாகத் தத்துவம் பேச முடிகிறது. சிகாகோவில் தரை கிடையாது. கோடையில் சேர்த்து வைக்கும் பணத்தில்தான் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். வீட்டைச் சட்டப்படி யார் வைத்திருக்கிறார்கள் என்பதே சிக்கல். இறந்துபோன அத்தை ஜிஞ்சரின் பெயரில் வரும் அரசு ஓய்வூதியக் காசோலையை ஃபிராங்க் வருடக்கணக்கில் வாங்கிச் செலவழித்திருக்கிறான். அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும், முதியோர் இல்லத்திலிருந்து நினைவு தப்பிய ஒரு பாட்டியை அழைத்துவந்து அத்தையாக உட்கார வைக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் எபிசோடு அது. ஆனால் மாட்டினால் வீடே போய்விடும், பிள்ளைகள் ஆளுக்கொரு காப்பகத்துக்குப் போவார்கள் என்ற பயம் ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் தொடரில் இந்தப் பயம் இந்த அளவுக்கு இல்லை.

மூன்றாவது சீசனில் அந்தப் பயம் நிஜமாகிறது. குடிபோதையில் இருந்த ஃபிராங்கே குழந்தைகள் நலத்துறைக்குப் போன் செய்து, தன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் புகார் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள். ஃபியோனா நீதிமன்றத்தில் நின்று, இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டப்படியான காப்பாளராக என்னை ஆக்குங்கள் என்று கேட்கிறாள். ஃபிராங்கை ரசிக்கலாமா என்று சண்டை போடுபவர்களுக்கு இந்த எபிசோடுதான் விடை. அமெரிக்கத் தொடரில் வில்லியம் எச். மேசி நடிக்கும் ஃபிராங்க் சிரிக்க வைப்பான், கூடவே அவன் செய்த சேதத்தின் கணக்கையும் தொடர் எழுதி வைத்துக்கொண்டே வரும்.

த்ரெல்ஃபாலின் ஃபிராங்க் வேறு ஆள். கொழகொழவென்று பேசும், எண்ணெய் வழியும் நீளத் தலைமுடியோடு, கிட்டத்தட்டக் கோமாளி. அவனுடைய போதைப் புலம்பல்களில் அரசியல் உண்டு, படிப்பு உண்டு, கவிதைகூட உண்டு. ஆபட் அவனை மன்னிக்கவில்லை, ஆனால் தண்டிக்கவும் இல்லை. வெளியிலிருந்து வந்து தீர்ப்பு சொல்பவர் இல்லை அவர், அந்த வீட்டுப் பிள்ளை. பிரிட்டிஷ் ஃபிராங்கைப் பார்த்துச் சிரித்தால் குற்ற உணர்வு வராது. அமெரிக்க ஃபிராங்கைப் பார்த்துச் சிரித்தால் வரும். வர வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார்கள். மேசி ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகர். இந்தப் பாத்திரத்துக்காக 2015, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளில் திரை நடிகர் சங்கத்தின் விருதைப் பெற்றார். நகைச்சுவைப் பிரிவில்தான். தொடரே 2014-இல்தான் நாடகப் பிரிவிலிருந்து நகைச்சுவைப் பிரிவுக்கு மாறி, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு விண்ணப்பித்தது. அந்த மாற்றத்தை அன்றைக்குப் பலர் விமர்சித்தார்கள். அதுவும் நான்காவது சீசன் ஓடிய வருடம்!

அந்த நான்காவது சீசனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஃபியோனாவுக்கு அதுவரை வராத நல்ல காலம் வருகிறது. நிலையான அலுவலக வேலை, மாதச் சம்பளம், காப்பீடு. அவள் பிறந்தநாளன்று மேஜையில் கிடந்த கொக்கெய்னைக் குழந்தை லியம் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். மருத்துவமனை, கைது, காலில் கண்காணிப்புக் கருவி, கடைசியில் சிறை. மூன்று சீசனாக ஃபிராங்கைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த நாம் இப்போது யாரைக் குற்றம் சொல்வது? குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவளே தவறு செய்கிறாள். ஃபியோனாவாக நடிக்கும் எமி ரோசம் அந்த எபிசோடுகளில் அதிகம் பேசுவதே இல்லை. குற்றவாளிகளைப் படம் எடுக்கும் இடத்தில் நிற்கும் அவள் முகம் போதும். கல்லூரியில் சேர்ந்திருக்கும் லிப், லியமைத் தன் விடுதி அறைக்கே தூக்கிக்கொண்டு போகிறான். லிப்பாக நடித்தவர் ஜெரமி ஆலன் ஒயிட். 2022-இல் வந்த ‘தி பேர்’ தொடரில் சமையல்காரராக நீங்கள் பார்த்த அதே ஆள், அங்கேயும் அதே சிகாகோ. அவர் திடீரென்று கிடைத்த நடிகர் அல்ல என்பதை இந்த சீசன் காட்டும். மறுபக்கம் கல்லீரல் கெட்டுச் சாகக் கிடக்கிறான் ஃபிராங்க். இயனிடம் அம்மா மோனிகாவின் இருமுனை மனநோய் தலைகாட்டுகிறது. இத்தனைக்கும் நடுவில் சிரிப்பு நிற்கவில்லை. இந்தப் பன்னிரண்டு எபிசோடுகளுக்கு இணையாகப் பிரிட்டிஷ் தொடரில் எதுவும் இல்லை.

இருக்கவும் முடியாது, ஏனென்றால் டஃப்பும் மெக்அவோயும் இரண்டாவது சீசனோடு போய்விட்டார்கள். ஃபியோனா இல்லாத காலகர் வீட்டைத்தான் பிரிட்டிஷ் தொடர் மீதி ஒன்பது சீசன் காட்டுகிறது. அப்புறம் வெரோனிகாவும் கெவும் போனார்கள், பிறகு லிப்பும் போனான். அந்த இடத்தைப் பக்கத்தில் குடிவந்த மக்வைர் என்ற ரவுடிக் குடும்பம் நிரப்பியது. சீசன்களும் நீண்டன. 2011-இல் வந்த எட்டாவது சீசனில் மட்டும் 22 எபிசோடு. மக்வைர் காலத்தை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் ஞாயம் உண்டு. மிமியாக நடித்த டீனா மலோன் வரும் காட்சிகள் அந்தந்த அளவில் சிரிப்புக்குக் குறை வைப்பதில்லை. ஆனால் ஆபட்டின் வீட்டுக் கதை அது இல்லை. பேட்டையில் நடக்கும் வாராந்தரக் கலாட்டா. நல்ல எபிசோடு வரும், மறந்துவிடும் எபிசோடும் வரும். தொடர்ந்து பார்க்க வைக்கும் கேள்வி எதுவும் மிஞ்சியிருக்காது.

அமெரிக்கத் தொடரில் ரோசம் ஒன்பது சீசன் இருந்தார். 2016 இறுதியில், எட்டாவது சீசனுக்கான ஒப்பந்தத்தில், மேசிக்குச் சமமான சம்பளம் கேட்டுப் பேச்சுவார்த்தை நடத்தினார். மேசியே அவருக்கு ஆதரவாகப் பேசினார், கேட்டது கிடைத்தது. யார் தோளில் அந்தத் தொடர் நிற்கிறது என்பது படப்பிடிப்புத் தளத்திலேயே தெரிந்த விஷயம். அத்தனை வருடத்தில் ஃபியோனாவுக்காக ரோசம் எம்மிக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை என்பதை ரசிகர்கள் இன்றும் மனத்தாங்கலோடு சொல்கிறார்கள். எனக்கும் அந்த மனத்தாங்கல் உண்டு. ஷீலாவாக வந்த ஜோன் கியூசாக் 2015-இல் கௌரவ நடிகைக்கான எம்மியைப் பெற்றார், அது தகுதியானவருக்குப் போன விருது. ரோசம் செய்தது அதைவிடக் கடினமான வேலை.

அமெரிக்கத் தொடரின் இன்னொரு பலம் இயனும் மிக்கியும். மிக்கி மில்கோவிச் முதலில் ஒரு தெருப் பொறுக்கியாக இரண்டு மூன்று காட்சிகளுக்கு வந்தவன். நோயல் ஃபிஷர் நடித்த விதத்தில் அவன் வளர்ந்து, தொடரின் உயிர்நாடிகளில் ஒன்றாக ஆகிவிட்டான். வன்முறையே உருவான அப்பாவுக்குப் பயந்து தன் காதலை ஒளித்து வைப்பவன், அலிபை ரூமில் எல்லோர் முன்னாலும் அதை வெளியே சொல்லும் எபிசோடு நான்காவது சீசனில்தான் வருகிறது. இந்த அளவுக்குப் பொறுமையாக வளர்ந்த காதல் பிரிட்டிஷ் தொடரில் இல்லை. ஐந்தாவது சீசனுக்குப் பிறகு ஃபிஷர் தொடரைவிட்டு விலகியபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு அவரைத் திரும்பக் கொண்டுவந்து, பத்தாவது சீசனின் முடிவில் இருவருக்கும் கல்யாணமும் செய்து வைத்தார்கள். கடைசி இரண்டு சீசனை முழுசாகப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இவர்களுக்காகவே பார்த்தவர்கள்.

சரி, குறைகள். இந்தத் தொடர்கள் பெரியவர்களுக்கானவை என்று சொல்வதில் கொஞ்சமும் மிகை இல்லை. ஷோடைம் கட்டணச் சேனல், தணிக்கை பற்றிக் கவலைப்படாமல் எடுத்தார்கள். நிர்வாணம், உடலுறவு, போதை எல்லாம் முதல் எபிசோடிலேயே வந்துவிடும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. பிரிட்டிஷ் தொடரும் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒளிபரப்பானதுதான், ஆனால் அதில் உடலைக் காட்டுவது குறைவு, வசவு அதிகம். இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்ட விஷயம். என்னை உறுத்துவது வேறு. பதின்வயதுப் பிள்ளைகள் மீது பெரியவர்கள் செய்யும் பாலியல் அத்துமீறல்களை இரண்டு தொடருமே சில இடங்களில் சிரிப்பாகக் கடந்துபோகின்றன. இயனுக்கும் கடைக்காரர் கேஷுக்கும் உள்ள உறவு அப்படி. ஃபிராங்கும் கரேனும் சம்பந்தப்பட்ட காட்சி அப்படி. அமெரிக்கத் தொடரின் ஐந்தாவது சீசனில் டெபி, நினைவில்லாமல் கிடக்கும் மேட்டியிடம் நடந்துகொள்வது அப்பட்டமான வன்கொடுமை. பாத்திரங்கள் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள், ஆனால் கதை அதன் எடையைச் சுமக்காமல் நகர்ந்துவிடுகிறது. பார்வையாளர்கள் பலர் டெபியை வெறுக்கத் தொடங்கியது அங்கேதான். நடிகை எமா கென்னி மேல் தவறில்லை. அந்தப் பெண்ணை என்ன செய்வது என்று எழுத்தாளர்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

தற்கொலை முயற்சிக் காட்சியும் உண்டு. அமெரிக்கத் தொடரின் இரண்டாவது சீசனில், பண்டிகை விருந்து தயாராகிக்கொண்டிருக்கும்போது மோனிகா தன்னை வெட்டிக்கொள்கிறாள். முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரும். மனநோயோடு போராடுகிறவர்கள், அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. ஆனால் இயனின் நோயை அந்தத் தொடர் கையாண்ட விதம் நேர்மையானது. மருந்து சாப்பிட்டால் மந்தமாகிவிடுகிறேன், சாப்பிடாவிட்டால் பறக்கிறேன் என்ற தவிப்பை, அருகில் இருப்பவர்களின் களைப்பையும் சேர்த்துக் காட்டினார்கள்.

நமக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கல் மான்செஸ்டர் உச்சரிப்பு. ஹாலிவுட் ஆங்கிலம் கேட்டுப் பழகிய காதுக்குப் பிரிட்டிஷ் தொடரின் முதல் எபிசோடில் பாதி வசனம் பிடிபடாது. த்ரெல்ஃபால் குடித்துவிட்டுப் பேசும்போது சுத்தமாகப் புரியாது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது எபிசோடுக்குள் அந்தப் பேச்சின் தாளம் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் சிகாகோக் குடும்பத்தின் பேச்சு வழவழப்பாகத் தோன்றக்கூடும்.

துருக்கித் தொடரைப் பற்றிச் சுருக்கமாக. ‘பிசிம் ஹிகாயே’ 2017 முதல் 2019 வரை ஃபாக்ஸ் துருக்கியில் ஓடியது, மொத்தம் 70 எபிசோடு, ஒவ்வொன்றும் துருக்கி வழக்கப்படி ஒரு திரைப்பட நீளம். ஃபியோனா அங்கே ஃபிலிஸ், நடித்தவர் ஹசால் காயா. ஸ்டீவ் அங்கே பாரிஷ், புராக் தெனிஸ். கதை நடப்பது இஸ்தான்புல்லில். துருக்கியின் பொதுத் தொலைக்காட்சியில் மதுப்புட்டியைக்கூட மங்கலாக்கித்தான் காட்ட வேண்டும் என்பதால், மூலத்தில் முள்ளாக இருந்த எல்லாமே போய்விட்டது. இயனின் காதல் கதை கிடையாது. மிஞ்சியது தம்பி தங்கைகளுக்காகத் தேயும் அக்காவும், அவளை விடாமல் காதலிக்கும் அழகான ஒருவனும். பிள்ளைகள் நன்றாக நடித்திருக்கிறார்கள், கண்ணில் நீர் வரவழைக்கும் இடங்கள் உண்டு. வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து பார்க்க ஏதாவது வேண்டும் என்பவருக்கு இது பொருந்தும். ஷேம்லெஸ் எப்படிப்பட்ட தொடர் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இது உதவாது.

ஆக, உங்களுக்கு வாரக் கடைசி ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்றால் பிரிட்டிஷ் தொடரின் முதல் இரண்டு சீசனைப் பாருங்கள். ஏழும் பத்துமாகப் பதினேழு எபிசோடு, இடையில் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடு. அதற்கு மேல் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கெவ், வெரோனிகா மேல் பிரியம் வந்துவிட்டால் அவர்கள் விடைபெறும் நான்காவது சீசனின் தொடக்கம் வரை போகலாம். குறைந்த நேரத்தில் இவ்வளவு உயிருள்ள எழுத்து தொலைக்காட்சியில் அரிது.

மாதக்கணக்கில் ஒரு குடும்பத்தோடு கூடவே இருக்க வேண்டும், பிள்ளைகள் கண்முன் வளர வேண்டும் என்பவர் சிகாகோவுக்குப் போகட்டும். மூலத்தைப் பார்த்த கையோடு போகாதீர்கள். சில மாதம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் முதல் சில எபிசோடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டே சலித்துப்போவீர்கள். இரண்டில் ஒன்றுதான் பார்ப்பேன் என்று யாராவது பிடிவாதமாகச் சொன்னால் நான் அமெரிக்கத் தொடரைத்தான் கையில் கொடுப்பேன். மூலத்தின் மேல் உள்ள மரியாதை குறையாமல்தான் இதைச் சொல்கிறேன். ஆபட்டின் அக்காவிடமிருந்து வந்த அந்தப் பெண்ணை, அவள் விழும் வரைக்கும், விழுந்து எழுந்த பிறகும் கூடவே நின்று பார்த்தது சிகாகோ வடிவம்தான்.

எதுவரை? முதல் ஐந்து சீசன்களை, அதாவது அறுபது எபிசோடுகளை, தயங்காமல் பார்க்கலாம். ஐந்தாவதில் சவுத் சைடில் வீடுகளைப் பணக்காரர்கள் வாங்கத் தொடங்குவதும், பழைய குடும்பங்கள் பதறுவதும் இந்தத் தொடர் தொட்ட நல்ல விஷயங்களில் ஒன்று. ஆறிலிருந்து தரம் ஏறி இறங்கும். பாத்திரங்கள் செய்த தவறையே திரும்பச் செய்வார்கள், கதை அங்கங்கே சுற்றும். ஏழாவதில் மோனிகாவின் மரணத்தை ஒட்டிய எபிசோடுகளும், லிப் தன் அப்பாவைப் போலவே குடியில் விழுந்து வெளியேறும் நீண்ட போராட்டமும் பொறுமைக்குப் பலன் தரும். ஒன்பதாவதின் முடிவில் ஃபியோனா வீட்டை விட்டுப் போகிறாள். பலரைப் போல நானும் அதையே முடிவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இயன், மிக்கி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பத்தாவது உண்டு. பதினொன்றாவது கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்டு 2020 டிசம்பரில் தொடங்கியது. அதில் குடி மூளையைத் தின்றுவிட்ட ஃபிராங்க், கடைசியில் கொரோனாவில் சாகிறான். ரோசம் அந்த இறுதி எபிசோடில் வரவில்லை. பிரிட்டிஷ் தொடரின் கடைசி எபிசோடுக்கு ஆன்-மரி டஃப் திரும்பி வந்தார். நடுவில் உள்ள சீசன்களைப் பார்க்காமலே அந்த ஒரு எபிசோடை மட்டும் தனியாகப் பார்த்துவிடலாம், கதை புரியும்.